நீண்ட நூலுக்குள் வழி

இணையத்தில் நீண்ட ஆவணம் ஒன்றைத் திறந்தால் முகப்பிலேயே ஒரு பொருளடக்கம் இருக்கும். அதில் ஒரு வரியைத் தொட்டால் அந்தப் பகுதி திரைக்கு வந்து நிற்கும். இதற்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை. உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரோ எண்ணோ இருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னதும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கருவியும் இருக்க வேண்டும். கருவியைக் கணினி தந்தது. பெயர் வைக்கும் வேலையோ கணினிக்கு 1,600 ஆண்டுகள் முந்தியது, கடினமானதும் அதுதான். உரை வேறு ஏட்டுக்குப் போனாலும், வேறு அளவில் அச்சானாலும், நடுவே ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தாலும், வைத்த பெயர் அதே இடத்தைக் காட்ட வேண்டும். பகுதி இணைப்புகளின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கிறது.

பொருளடக்கத்தின் பழைய, பெரிய சான்று ரோமிலிருந்து கிடைக்கிறது. கி.பி. 77 வாக்கில் மூத்த பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ நூலை, பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டசுக்குக் காணிக்கையாக்கினார். 37 பாகங்கள் கொண்ட அந்நூலின் முதல் பாகம் முழுவதும், மற்றப் பாகங்களில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல்தான். டைட்டஸ் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், வேண்டியது எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அதைச் சேர்த்ததாக முன்னுரையில் பிளினி சொல்கிறார். தமக்கு முன்பே வலேரியஸ் சொரானஸ் இலத்தீனில் இப்படிச் செய்திருந்ததையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். ஆனால் அந்தக் காலத்து நூல் பப்பைரஸ் சுருளில் இருந்தது. எந்தச் சுருளை எடுப்பது என்பது வரைக்கும்தான் பட்டியல் உதவியது. எடுத்தபின் விரித்துக்கொண்டே போய்க் கண்ணால் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தின் செசரியா நகரில் ஆயராக இருந்த யூசிபியஸ் செய்தது இதைவிட மிக நுட்பமான வேலை. இயேசுவின் வாழ்வை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கு நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. ஒரே நிகழ்ச்சி நான்கிலும் வரலாம், மூன்றில் வரலாம், ஒன்றில் மட்டும் வரலாம். வரிசையும் நூலுக்கு நூல் வேறு. அவருக்கு முன் அலெக்சாந்திரியாவின் அம்மோனியஸ், மத்தேயுவை முழுதாக வைத்து, மற்ற மூன்றையும் துண்டுதுண்டாக்கி அதன் பக்கத்தில் அடுக்கினார். அதனால் மற்ற மூன்று நூல்களின் ஒழுங்கும் குலைந்துபோயிற்று. யூசிபியஸ் எந்த நூலையும் வெட்டவில்லை. ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே சிறு பகுதிகளாகப் பிரித்து வரிசை எண் கொடுத்தார். மத்தேயு 355 பகுதிகள், மாற்கு 233, லூக்கா 342, யோவான் 232. பிறகு பத்து அட்டவணைகள் போட்டார். நான்கு நூல்களுக்கும் பொதுவானவை முதல் அட்டவணையில். மூன்றுக்குப் பொதுவானவை அடுத்த மூன்றில். இரண்டுக்குப் பொதுவானவை அதற்கடுத்த ஐந்தில். ஒரே நூலில் மட்டும் வருபவை பத்தாவதில்.

முதல் அட்டவணையின் முதல் வரியையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 8, 2, 7, 10 என்று நான்கு எண்கள் இருக்கின்றன. மத்தேயுவின் எட்டாம் பகுதி, மாற்கின் இரண்டாம் பகுதி, லூக்காவின் ஏழாம் பகுதி, யோவானின் பத்தாம் பகுதி. பாலைவனத்தில் கூப்பிடுகிற குரலைப் பற்றிய தீர்க்கதரிசனம் நான்கிலும் வரும் இடம் அது. மத்தேயுவைப் படித்துக்கொண்டிருப்பவர் அந்த இடத்துக்கு வரும்போது ஓரத்தில் 8 என்ற எண்ணும், அதன் கீழே சிவப்பு மையில் 1 என்ற அட்டவணை எண்ணும் இருக்கும். முதல் அட்டவணைக்குப் போனால், 8-க்கு நேராக மற்ற மூன்று நூல்களின் எண்கள் கிடைக்கும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அங்கங்கே போகலாம். பயன்படுத்தும் முறையைக் கார்ப்பியானஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் யூசிபியஸ் விளக்கினார். நற்செய்திப் படிகளின் முன்னால் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே எழுதிவைப்பது வழக்கமாயிற்று. 380-களில் ஜெரோம் இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தியபோது இந்த அட்டவணைகளையும் கொண்டுவந்தார். சிரியா, ஆர்மீனியா, எத்தியோப்பியா, அயர்லாந்து எங்கும் அவை பரவின. லிண்டிஸ்பார்ன், கெல்ஸ் சுவடிகளில் தூண்களும் வளைவுகளுமாக ஓவியர்கள் தீட்டிய பக்கங்கள் இந்த அட்டவணைகளே. மனிதர் எழுதிய பகுதி இணைப்புகளில் இவற்றைவிட அழகானவை வேறு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். அழகைவிடப் பெரிது அவற்றின் உறுதி. எண் உரையோடு ஒட்டியது, தாளோடு அல்ல. ஆகவே எந்த ஊரில், எந்த அளவுத் தோலில் யார் படியெடுத்தாலும் எட்டாம் பகுதி எட்டாம் பகுதியாகவே இருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பாரிசில் பல்கலைக்கழகமும் மறையுரையாளர் சபைகளும் வளர்ந்தபோது, தேடிப் படிக்கும் தேவை பெருகியது. ஸ்டீபன் லாங்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விவிலிய அதிகாரப் பிரிவு அப்போது நிலைபெற்றது. 1230-களில் செயின்ட் ஜாக் மடத்தின் டொமினிக்கன் துறவிகள், செர் ஊரைச் சேர்ந்த ஹியூவின் தலைமையில், இலத்தீன் விவிலியத்துக்கு முதல் சொல்லடைவைத் தொகுத்தார்கள். அதிகாரம் மட்டும் போதவில்லை. அது நீளமாக இருந்தது. எனவே ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தில் ஏழு சமபாகமாக்கி, ஒவ்வொரு பாகத்தையும் ஓர் எழுத்தால் குறித்தார்கள். ஓரத்தில் எழுத்து இல்லாத விவிலியத்திலும் இது செல்லுபடியாகும். அதிகாரத்தின் நடுப்பகுதி என்றால் நாலாவது எழுத்து என்று கண்ணே கணித்துக்கொள்ளும். இன்று புழங்கும் வசன எண்களோ மிகவும் பிந்தியவை. பாரிஸ் அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் ஜெனிவாவில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் அவற்றைப் புகுத்தினார்.

இடையில் அச்சு வந்தது. அதோடு பக்க எண்ணும் வந்தது. கொலோன் நகரில் ஆர்னால்ட் தெர்ஹெர்னென் 1470-இல் அச்சிட்ட ஒரு சிறு மறையுரை நூலில் தாள்களுக்கு எண் இடப்பட்டிருக்கிறது. அச்சு நூல்களில் இது முதலாவதாகக் கருதப்படுகிறது. 1499-இல் வெனிசில் ஆல்டஸ் மனுசியஸ் வெளியிட்ட பெரோட்டியின் ‘கார்னுகோப்பியா’வில் தாளின் இரு பக்கங்களுக்கும் தனித்தனி எண், வரிகளுக்கும் எண். அதன் சொற்பட்டியல் பக்கத்தையும் வரியையும் சேர்த்துக் காட்டியது. ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான படிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்ததால் மட்டுமே இது முடிந்தது. பக்க எண்ணின் பலமும் பலவீனமும் அதுதான். ஒரு பதிப்பின் எல்லாப் படிகளுக்கும் அது பொருந்தும். அடுத்த பதிப்பில் எழுத்தின் அளவு மாறினால் பொருந்தாது. இருந்தும் அடுத்த நானூற்றைம்பது ஆண்டுகள் உலகம் அதையே நம்பி வாழ்ந்தது.

தமிழ்ச் சுவடி மரபில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருந்தது. பனையோலையின் இடது ஓரத்தில் ஏட்டெண் இருக்கும். அது அவிழ்ந்த கட்டை வரிசைப்படுத்த உதவியதே தவிர, மேற்கோள் காட்ட உதவவில்லை. ஒருவர் கையில் இருக்கும் ஓலையின் நீளம் மற்றவரிடம் இருக்காது. எனவே உரையாசிரியர்கள் அதிகாரம், இயல் என்ற பிரிவைச் சொன்னார்கள். சூத்திரத்தையோ செய்யுளையோ அதன் தொடக்கச் சொற்களைக் கொண்டு சுட்டினார்கள். இந்த முதற்குறிப்பு முறை அச்சிலும் தொடர்ந்தது. 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் பெருமைகளில் ஒன்று, பின்னால் வரும் அகராதிகளும் முதற்குறிப்புப் பட்டியல்களும். பழைய உரையில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று வாசகருக்குக் காட்ட அவர் செலவிட்ட உழைப்பு, பாடம் தேர்ந்த உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. எண் கொடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு என்பதற்குத் திருக்குறளே சான்று. இன்று 1 முதல் 1330 வரை வழங்கும் குறள் எண் பரிமேலழகர் கொண்ட வரிசைப்படி அமைந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் முன்பின் மாறும். வரிசை மாறினால் எண் மாறும். தொடக்கச் சொல் மாறாது.

கணினிக்கு வரும்போது வழக்கமாக முதலில் சொல்லப்படும் பெயர் வன்னெவர் புஷ். 1945 ஜூலையில் ‘அட்லாண்டிக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, மைக்ரோபிலிம் சுருள்களைக் கொண்ட ‘மெமெக்ஸ்’ என்ற மேசையைக் கற்பனை செய்தது. அதில் வாசகரே ஓர் ஆவணத்தையும் இன்னொன்றையும் பிணைத்துத் தடம் போடலாம். 1965-இல் டெட் நெல்சன் ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 1967-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரிஸ் வான் டாமும் நெல்சனும் ஐபிஎம் 360 கணினியில் ஒரு ஹைப்பர்டெக்ஸ்ட் எடிட்டரை இயக்கிக் காட்டினார்கள். இவையெல்லாம் முக்கியமானவை. ஆனால் நீண்ட ஆவணத்துக்குள் வழி என்ற குறிப்பிட்ட விஷயத்தில் மையமான இடம் டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்கே உரியது.

கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எங்கல்பார்ட் குழு உருவாக்கிய அமைப்பின் பெயர் என்எல்எஸ். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், சுமார் ஆயிரம் பேர் முன்னிலையில், 90 நிமிடம் அதை அவர் இயக்கிக் காட்டினார். மவுஸ் உலகுக்கு அறிமுகமான நாள் என்று அது நினைவுகூரப்படுகிறது. அன்று திரையில் தெரிந்த ஆவணத்தின் அமைப்பு அதற்கிணையான கவனத்தைப் பெறவில்லை. அது பெற்றிருக்க வேண்டும். என்எல்எஸ்-இல் ஆவணம் என்பது தொடர்ச்சியான எழுத்து அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூற்றுகளின் கிளைப்பின்னல். முதல் கூற்று 1. அதன் கீழ் 1ஏ. அதன் கீழ் 1ஏ1. இப்படி எண்ணும் எழுத்தும் மாறிமாறி வரும். ஒவ்வொரு பத்தியும் தானாக எண் பெற்றது. எங்கல்பார்ட் ஒரு கடைச் சாமான் பட்டியலைத் தட்டச்சு செய்தார். அதை வகைவாரியாகப் பிரித்தார். பிறகு ஒரே கட்டளையில் வகைத்தலைப்புகள் மட்டும் தெரியும்படி சுருக்கினார். தலைப்பைச் சுட்டியதும் உள்ளே இருப்பவை விரிந்தன. பிறகு வீட்டுக்குப் போகும் வழியை வரைபடமாகக் காட்டி, அதில் நூலகம் என்ற இடத்தைச் சுட்டினார். அங்கே என்ன வேலை என்பது திரையில் வந்தது.

பத்திக்கு எண் இருந்ததால் பத்திக்கே இணைப்புக் கொடுக்க முடிந்தது. ஆவணம் முழுவதையும் திறந்துவைத்து, அதில் ஏதோ ஓரிடம் என்று கைகாட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் 1ஏ-க்கு முன்னால் புதிய கூற்று ஒன்றைச் செருகினால், பழைய 1ஏ தானாக 1பி ஆகிவிடும்; பழைய இணைப்பு வேறு பத்தியைக் காட்டும். என்எல்எஸ் குழு இதைப் பயன்பாட்டிலேயே உணர்ந்தது. அமைப்பு வளர்ந்து, பின்னாளில் ஆக்மெண்ட் என்று பெயர் பெற்றபோது, கூற்றுக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று இருக்கும் இடத்தைச் சொல்லும், இடம் மாறினால் மாறும். மற்றொன்று கூற்று பிறந்தபோதே தரப்பட்டது, ஒருபோதும் மாறாது. இவையன்றி எழுதுபவர் கூற்றுக்குத் தனிப் பெயரும் வைக்கலாம். இருக்கும் இடம், அடையாளம், பெயர் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்த இந்தத் தெளிவு பிறகு வந்த பல அமைப்புகளில் இல்லை.

எண்பதுகளில் நீண்ட ஆவணங்களைத் திரையில் படிக்கும் தேவை அதிகம் இருந்தது மென்பொருள் கையேடுகளில். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம் தன் கையேடுகளுக்கு டெக்ஸ்இன்போ என்ற முறையைக் கொண்டது. ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சுப் புத்தகமும் வரும், திரையில் படிக்கும் இன்போ வடிவமும் வரும். இன்போவில் கையேடு சிறுசிறு கணுக்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கணுவின் தலைவரியிலும் அடுத்தது எது, முந்தையது எது, மேலே எது என்று மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. ஒரு தட்டலில் போய்விடலாம். மவுஸ் தேவையில்லை, படமும் வண்ணமும் தேவையில்லை. அச்சில் பக்க எண்ணோடு வரும் குறுக்குக் குறிப்பு, திரையில் கணுப் பெயரோடு வரும் இணைப்பாக மாறியது. ஒரே உரைக்கு இரண்டு உடல்கள் வேண்டுமென்றால் முகவரி உரையில் இருக்க வேண்டும், தாளில் இருக்கக் கூடாது என்பதை டெக்ஸ்இன்போ நடைமுறையில் காட்டியது.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைத் தாங்கிய ஆர்எஃப்சி ஆவணங்கள் இதற்கு நேர்மாறான பாதையில் சென்றன. 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதிய முதல் ஆவணத்தில் தொடங்கிய அந்த வரிசை, வெகுகாலம் வெறும் எழுத்துக் கோப்பாகவே வெளிவந்தது. வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி, அடியில் பக்க எண், அச்சுப்பொறியில் போட்டால் அப்படியே தாளில் இறங்கும் வடிவம். திரையில் அந்தப் பக்க எண்களால் ஒரு பயனும் இல்லை. பிரிவு எண்கள் மட்டுமே உதவின. பின்னாளில் வலையில் வெளியான படிகளில் ‘பிரிவு 3.2’ என்று வரும் இடங்களையெல்லாம் மென்பொருளே கண்டறிந்து இணைப்பாக்கியது. 2019-இல் புதிய வடிவம் வந்தபோது பக்கப் பிரிப்பு கைவிடப்பட்டது.

உலகளாவிய வலையில் பகுதி இணைப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தம் திட்டத்தை முன்வைத்தார். 1990 இறுதியில் முதல் உலாவியும் சர்வரும் இயங்கின. 1991-இல் எழுதிய எச்டிஎம்எல் குறிச்சொற்கள் பட்டியலில் ஆங்கர் என்ற குறிச்சொல் இரண்டு வேலை செய்தது. வேறிடத்தைச் சுட்டலாம், அல்லது தான் இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர் வைத்த இடத்துக்குப் போக, ஆவண முகவரிக்குப் பின்னால் # என்ற ஹாஷ் குறியும் அந்தப் பெயரும் போதும். ஏன் அந்தக் குறி என்பதற்குப் பெர்னர்ஸ்-லீ தந்த காரணம் எளியது. அமெரிக்கத் தபால் முகவரிகளில் கட்டட எண்ணுக்குப் பின் அந்தக் குறியிட்டு வீட்டு எண்ணை எழுதுவார்கள். கட்டடம் இது, அதற்குள் வீடு இது. ஆவணமும் அதற்குள் பகுதியும் அதேபோலத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

இந்தக் குறியின் உள்ளே ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. ஹாஷ் குறிக்குப் பின்னால் உள்ளதை உலாவி சர்வருக்கு அனுப்புவதில்லை. சர்வர் ஆவணத்தை முழுதாகக் கொடுத்துவிடும். அதற்குள் பெயருள்ள இடத்தைத் தேடி அங்கே திரையை நகர்த்துவது உலாவியின் பொறுப்பு. அதனால் பகுதி இணைப்புக்குச் சர்வரில் எந்த ஏற்பாடும் வேண்டாம். கணினியில் சேமித்த கோப்பிலும், சிடியில் கொடுத்த கோப்பிலும் அது வேலை செய்தது. இழப்பும் உண்டு. பெயர் இல்லாவிட்டால் ‘காணவில்லை’ என்ற பிழைச் செய்தி வராது. பக்கத்தின் தலைப்பகுதி திறக்கும், அவ்வளவுதான். தவறான முகவரியால் வந்தோம் என்பதே வாசகருக்குத் தெரியாது.

இன்னொரு குறை, பெயர் வைக்கும் உரிமை ஆவண ஆசிரியரிடமே இருந்தது. எங்கல்பார்ட்டின் அமைப்பில் ஒவ்வொரு பத்தியும் முகவரியோடு பிறந்தது. வலையில் ஆசிரியர் ஆங்கர் போட்ட இடத்துக்கு மட்டுமே முகவரி இருந்தது. போடாத பத்தியை வெளியிலிருந்து யாரும் சுட்ட முடியவில்லை. 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 வந்தபோது, தலைப்பு, பத்தி, பட்டியல் என்று எந்த உறுப்புக்கும் தரும் அடையாளப் பெயரே இணைப்பின் இலக்காகலாம் என்றானது. தனி ஆங்கர் தேவைப்படாமல் போனது. ஆனால் அந்த அடையாளத்தையும் யாராவது கொடுத்தாக வேண்டும்.

தொண்ணூறுகளில் பெரிய விவாதம், நீண்ட ஆவணத்தை ஒரே பக்கமாக வைப்பதா, துண்டுகளாகப் பிரிப்பதா என்பது. நொடிக்கு 28.8 கிலோபிட் மோடத்தில் 100 கிலோபைட் பக்கம் வந்துசேர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகோஸ் ட்ராகோஸ் எழுதிய லாடெக்2எச்டிஎம்எல் என்ற மென்பொருள், நீண்ட ஆய்வுரையை அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அடுத்து, மேலே, முந்தைய என்ற பொத்தான்களை வைத்தது. இன்போவின் பழக்கம் அப்படியே வலைக்கு வந்தது. வலைப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 1996-இல் வெளியிட்ட வடிவமைப்புத் தவறுகளின் பட்டியலில் நீண்ட பக்கங்களும் இடம்பெற்றன. 2006-இல் அவர் பக்கத்துக்குள் தாவும் இணைப்புகளையே தவிர்க்கச் சொன்னார். இணைப்பைச் சொடுக்கினால் புதிய பக்கம் வரும் என்று வாசகர் எதிர்பார்க்கிறார், அதே பக்கத்தில் கீழே இறங்கினால் குழம்புகிறார் என்பது அவர் வாதம். குழப்பம் உண்மைதான். ஆனால் துண்டாக்கிய ஆவணத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது, முழுதாக அச்சிட முடியாது, சேமித்துவைக்க முடியாது. இணைய வேகம் கூடியதும் ஒரே பக்கம் என்ற பக்கமே தராசு சாய்ந்தது.

பார்வையற்ற வாசகர்களுக்குப் பகுதி இணைப்பு வசதி என்பதையும் கடந்த விஷயம். திரைவாசிப்பான் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒப்பிக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முப்பது பட்டி இணைப்புகள் இருந்தால், ஒவ்வொரு முறையும் முப்பதையும் கேட்டுத் தீர வேண்டும். பக்கத்தின் முதல் வரியாக ‘நேரே உள்ளடக்கத்துக்கு’ என்ற பகுதி இணைப்பை வைக்கும் பழக்கம் இதற்காக வந்தது. 1999-இல் வெளியான அணுகல் வழிகாட்டுதல்கள் இதைப் பரிந்துரைத்தன. 2008-இல் வெளியான இரண்டாம் பதிப்பு அடிப்படைத் தேவைகளில் ஒன்றாக்கியது. தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக இல்லாமல் உண்மையான தலைப்புக் குறிச்சொற்களாக இருந்தால், ஒரே விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம்.

பகுதி இணைப்பை எல்லோருடைய அன்றாடப் பழக்கமாக்கியது விக்கிப்பீடியா. 2001 ஜனவரியில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் மென்பொருள், கட்டுரையில் மூன்றுக்கு மேல் தலைப்புகள் சேர்ந்தால் பொருளடக்கத்தைத் தானே எழுதிக்கொள்ளும். எழுதுபவர் தலைப்பை மட்டும் இட்டால் போதும். எண்ணும் இணைப்பும் தாமே வரும். பொருளடக்கம் எழுதுவது தனி வேலையாக இருந்தது அதோடு முடிந்தது. ஆனால் தலைப்பின் சொற்களே அந்த இடத்தின் முகவரி. நாளை வேறொருவர் ‘வரலாறு’ என்ற தலைப்பை ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என்று மாற்றினால், பழைய தலைப்புக்கு வெளியிலிருந்து வந்த அத்தனை இணைப்புகளும் சத்தமில்லாமல் முறியும். பழைய பெயரையும் ஆங்கராக விட்டுவைக்கும் வார்ப்புருக்களை விக்கிப் பயனர்கள் உருவாக்கிக்கொண்டது இதனால்தான். மாறாத அடையாளம் வேறு, மாறும் தலைப்பு வேறு என்று எங்கல்பார்ட் குழு வைத்திருந்த பாகுபாட்டை இங்கே கையால் செய்ய வேண்டியிருந்தது.

தமிழில் இன்னொரு தடை இருந்தது. எச்டிஎம்எல் 4 விதிப்படி அடையாளப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை வலையேற்றத் தொடங்கிய காலம் அது. முழு நூலும் ஒரே நீண்ட பக்கமாகவும், மேலே உள்ளடக்கமும் அதிலிருந்து பகுதிகளுக்கு இணைப்புமாகவும் பல கோப்புகள் அமைந்தன. திரையில் தெரிவது தமிழ். அடியில் ஆங்கரின் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்பே முகவரி என்பதால் சிக்கல் கூர்மையானது. தமிழ் எழுத்துகளை மென்பொருள் குறியெண்களாக மாற்றி எழுதியது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். ஒவ்வொரு பைட்டையும் எழுத ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும். ‘வரலாறு’ என்ற சொல்லில் வ, ர, ல, துணைக்கால், ற, உகரக் குறி என்று ஆறு குறிகள். ஆக நான்கெழுத்துத் தலைப்பு ஒன்றுக்கு 54 எழுத்து நீளமுள்ள, யாராலும் படிக்க முடியாத முகவரி. ஆங்கிலத் தலைப்புக்கு இந்தத் தண்டனை இல்லை.

2014-இல் நிலைபெற்ற எச்டிஎம்எல் 5 இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அடையாளப் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. மற்றபடி எந்த மொழி எழுத்தும் வரலாம். 2017-இல் விக்கிப்பீடியாவின் மென்பொருளும் மாறியது. தமிழ்த் தலைப்பு தமிழாகவே முகவரியில் நின்றது. முழு விடுதலை இன்னும் வரவில்லை. முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரியும் இணைப்பை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால், பல உலாவிகளில் அது மறுபடி விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட சரமாகிவிடுகிறது. 54 எழுத்துக் கணக்கு அங்கே அப்படியே இருக்கிறது. தமிழில் எழுதும் பலர் இன்றும் இணைப்பு நீளக் கூடாது என்பதற்காகவே பகுதிகளுக்கு ஆங்கிலப் பெயர் வைக்கிறார்கள். இது அவர்கள் குற்றமல்ல. தரம் வகுத்தவர்கள் மற்ற எழுத்துகளை நினைத்துப் பார்க்கத் தாமதித்ததன் விளைவு.

கைபேசித் திரை வந்தபின் பொருளடக்கத்தின் இடமும் மாறியது. பக்கத் தலையில் மட்டும் இருக்கும் பட்டியலுக்குத் திரும்ப, வாசகர் மறுபடி மேலே உருட்ட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் புதிய தோற்றம், கணினித் திரையில் பொருளடக்கத்தை இடப்பக்க ஓரத்துக்கு நகர்த்தியது. உரை நகர்ந்தாலும் அது நகராது. இப்போது படிக்கும் பகுதியின் பெயர் அதில் தனித்துத் தெரியும். திரையின் மேல் ஒட்டிநிற்கும் தலைப்பட்டைகள் வேறொரு தொல்லை கொடுத்தன. பகுதிக்குத் தாவியதும் அந்தப் பகுதியின் தலைப்பு பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். இலக்குக்கு மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் பண்பு இதற்குத் தீர்வானது.

ஆசிரியர் பெயர் வைக்காத இடத்துக்கு வாசகர் இணைப்புக் கொடுக்க முடியாது என்ற மூலக் குறைக்கு விடை 2020-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான குரோம் 80-ஆம் பதிப்பு, ஹாஷ் குறிக்குப் பின் ஆங்கர் பெயருக்குப் பதிலாக உரையின் சொற்களையே எழுத இடம் தந்தது. உலாவி அந்தச் சொற்களைப் பக்கத்தில் தேடி, அங்கே போய், வண்ணமிட்டுக் காட்டும். நீண்ட பத்தியாக இருந்தால் தொடக்கச் சொற்களையும் முடிவுச் சொற்களையும் கொடுத்தால் போதும். ஒரே தொடர் பல இடங்களில் வந்தால் முன்னும் பின்னும் உள்ள சொற்களைச் சேர்த்து வேறுபடுத்தலாம். செய்யுளை முதற்குறிப்பால் சுட்டிய உரையாசிரியர்களின் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. வாசகர் எந்த வரியைத் தேடி வந்தார் என்பதைப் பக்கத்திலுள்ள நிரல்கள் ஒற்றறியலாம் என்ற ஐயம் எழுந்ததால், இணைப்பின் இந்தப் பகுதி அவற்றின் கண்ணில் படாதபடி உலாவியே அகற்றிவிடுகிறது. 2022-இல் சஃபாரி 16.1-உம், 2024 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 131-உம் இதை ஏற்றுக்கொண்டன. ஆசிரியர் பின்னர் அந்த வாக்கியத்தைத் திருத்தினாலோ நீக்கினாலோ உலாவி வண்ணமிடாது. ஆவணத்தை அதன் முதல் வரியில் திறந்து கொடுக்கும்.